‘ஆடிடுச்சு, இன்னொரு தடவை எடுக்கணும்’: பல் எக்ஸ்ரே ஏன் மங்கலாகிறது? தடுப்பது எப்படி?

“கொஞ்சம் ஆடிடுச்சு... இன்னொரு தடவை எடுக்கணும்.”

பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த பலருக்கும் இந்த வாக்கியம் பழக்கமானதுதான். கேட்டவுடன் மனதில் மூன்று கேள்விகள் ஓடும். தப்பு யாருடையது? மறுபடி எடுத்தால் உடம்புக்கு ஆகுமா? இதற்கும் தனியாகக் காசு கட்டணுமா?

பல் எக்ஸ்ரே மங்கலாவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை பட்டனை அழுத்துவதற்கு முந்தைய ஒரு நிமிடத்திலேயே சரிசெய்யக் கூடியவை. சில காரணங்கள் கருவியில் இருக்கின்றன, சில எடுப்பவர் கையில் இருக்கின்றன. மிச்சம் இருப்பவை நம் கையில். அவற்றைத் தெரிந்துகொண்டால் ‘இன்னொரு தடவை’ என்ற பேச்சைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

புதுக்கோட்டைக்கு இது ஏன் முக்கியம்?

புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி 2017-ல் திறக்கப்பட்டது. அதன் பிறகு 2023 நவம்பரில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. சென்னை, சிதம்பரத்துக்கு அடுத்து தமிழ்நாட்டின் மூன்றாவது அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இது. சென்னைக் கல்லூரி தொடங்கியது 1953-ல். அதாவது, அரசுப் பல் மருத்துவக் கல்லூரி என்று ஒன்று இந்த மாவட்டத்துக்கு வந்து சேர சுமார் 70 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இப்போது பல்லுக்கு எக்ஸ்ரே எடுப்பது மாவட்டத்தில் சாதாரண விஷயம். அறந்தாங்கி, ஆலங்குடி, இலுப்பூர் என எந்த ஊர்க் கடைவீதியிலும் பல் கிளினிக் போர்டைப் பார்க்கலாம். ஆனால் தூரம் அப்படியே இருக்கிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இருந்தோ, பொன்னமராவதி பக்கத்துக் கிராமங்களில் இருந்தோ ஒருவர் பல்லைக் காட்ட டவுனுக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. படம் சரியில்லை, நாளைக்கு வாங்க என்றால் இரண்டாம் நாள் கூலியும் போச்சு. பலர் மறுநாள் வருவதே இல்லை. வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். சொத்தை உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

மங்கலான படத்தை வைத்தே வைத்தியத்தைத் தொடங்கினால் இன்னும் சிக்கல். இரண்டு பற்களுக்கு நடுவே தொடங்கும் சொத்தை முதலில் மெல்லிய நிழலாகத்தான் தெரியும். பல் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். அதன் அகலம் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். வேர் நுனியில் அந்தக் கோடு அகலமாகத் தெரிந்தால் சீழ் அல்லது வீக்கம் தொடங்குகிறதா என்று டாக்டர் யோசிப்பார். ரூட் கேனல் சிகிச்சையில் வேரின் நீளத்தை ஒரு மில்லிமீட்டர் தப்பாகக் கணித்தாலே சிகிச்சை கெட்டுப்போகலாம். படம் கலங்கினால் முதலில் காணாமல் போவது இந்த மாதிரி நுணுக்கங்கள்தான். பல் தெரியும், நோய் தெரியாது.

எக்ஸ்ரே என்பது ஒரு நிழல்

எக்ஸ்ரே படத்தை போட்டோ என்று நினைப்பதைவிட நிழல் என்று நினைத்தால் விஷயம் எளிதாகப் புரியும். ஒரு பக்கம் எக்ஸ்ரே குழாய், நடுவில் பல், மறுபக்கம் ஃபிலிம் அல்லது சென்சார். கதிர்கள் பல்லுக்குள் புகுந்து போகும்போது பல்லும் எலும்பும் அவற்றைத் தடுக்கும். தடுத்த இடம் வெள்ளையாக விழும். தடுக்காமல் விட்ட இடம் கறுப்பாக விழும். சொத்தை விழுந்த இடத்தில் பல் கரைந்திருப்பதால் அது கறுப்பாகத் தெரிகிறது.

ஜெர்மனியின் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த இரண்டே மாதங்களில், 1896 ஜனவரியில், அதே நாட்டின் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப் தன் வாய்க்குள்ளேயே கண்ணாடித் தகட்டை வைத்து முதல் பல் எக்ஸ்ரேயை எடுத்தார். அதற்காக 25 நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு பல்லை எடுக்க ஒரு நொடிகூட ஆகாது. அப்படியும் படம் ஆடுகிறதே என்றால், ஏன்?

எல்லா மங்கலும் ஒன்றல்ல

படம் சரியாகத் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் ‘மங்கல்’ என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் மூன்று வெவ்வேறு பிரச்சினைகள் இருக்கின்றன.

முதலாவது பிசிறு. பல்லின் ஓரம் கூர்மையாக இல்லாமல் வழிந்தது போல இருக்கும். சில சமயம் ஒரே ஓரம் இரட்டைக் கோடாகத் தெரியும். அசைவும் தூரக் கணக்கும்தான் இதற்குக் காரணம்.

இரண்டாவது வெளிறல் அல்லது கறுத்துப்போதல். ஓரங்கள் கூர்மையாகவே இருக்கும், ஆனால் படம் வெளுத்தோ கறுத்தோ இருக்கும். கதிர் அளவு கூடக் குறைய ஆனது, மின்னழுத்தம் குறைந்தது போன்றவை இதன் காரணங்கள்.

மூன்றாவது மூட்டம். படம் முழுவதும் சாம்பல் பூசியது போல இருக்கும். ஃபிலிம் பழையது, இருட்டறையில் வெளிச்சம் கசிந்தது, கழுவும் ரசாயனம் சூடேறியது போன்றவற்றால் இது வரும்.

எந்த வகை என்று தெரிந்தால்தான் மருந்தும் தெரியும். அசைவால் ஆடிய படத்துக்குக் கதிர் அளவைக் கூட்டி மறுபடி எடுத்தால், மறுபடியும் ஆடிய படம்தான் கிடைக்கும். நோயாளிக்குக் கதிர் மட்டும் கூடுதலாகப் போய்ச் சேரும்.

காரணம் 1: அசைவு

முதலில் பார்க்க வேண்டிய காரணம் இதுதான். மேலே சொன்ன 0.2 மில்லிமீட்டர் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தலை அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்தக் கோடு அழிந்துவிடும். எச்சில் விழுங்கினால் போதும், தாடை அதைவிட அதிகமாக நகரும்.

ஆனால் அசைவது நோயாளி மட்டும் இல்லை. மூன்று பேர் அசையலாம்: நோயாளி, ஃபிலிம், எக்ஸ்ரே கருவியின் தலை.

கருவியின் தலை நீண்ட மடக்குக் கையின் முனையில் தொங்குகிறது. மூட்டுகளில் திருகு தளர்ந்தால், டெக்னீஷியன் அதை நேராக வைத்துவிட்டு நகர்ந்த பிறகு அது மெல்ல இறங்கும், அல்லது ஊசலாடும். நிலைநிறுத்திய பின் இரண்டு நொடி பொறுத்து, அது நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டு எடுத்தால் போதும். தானாகவே நகர்கிற கருவியாக இருந்தால் சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டும். நோயாளியையோ உதவியாளரையோ கருவியைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது தவறு, பாதுகாப்பும் இல்லை. முகாம்களுக்கு எடுத்துப்போகும் கைக்கருவி வசதியானதுதான். ஆனால் பிடித்திருப்பவர் கை ஆடினால் படமும் ஆடும்.

வாய்க்குள் வைக்கும் ஃபிலிமை முன்பெல்லாம் நோயாளியே விரலால் அழுத்திப் பிடிப்பார். விரல் வழுக்கும், அழுத்தம் கூடினால் ஃபிலிம் வளையும். வளைந்த ஃபிலிமில் வேர் நுனி இழுபட்டுத் தெரியும். இதற்குத் தீர்வு ஹோல்டர். பல்லால் கடித்துப் பிடிக்கும் சின்ன பிளாஸ்டிக் சாதனம் அது. ஃபிலிமும் நிற்கும், கோணமும் சரியாக வரும்.

நோயாளி அசைவதற்கும் காரணம் உண்டு. டிஜிட்டல் சென்சார் தடிமனாகவும் விறைப்பாகவும் இருக்கும். அது கீழ்த்தாடையில் குத்தும், மேல் அண்ணத்தில் பட்டால் குமட்டும். குமட்டல் உள்ளவர்கள் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது, கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டு கவனத்தை மாற்றுவது, முதலில் முன்பற்களை எடுத்துப் பழகிவிட்டுப் பின்பற்களுக்குப் போவது ஆகியவை பலருக்குக் கைகொடுக்கின்றன.

குழந்தைகளுக்குச் சொல்லிக் காட்டிச் செய்வதுதான் வழி. “இது ஒரு கேமரா, சத்தம் மட்டும்தான் வரும், வலிக்காது” என்று சொல்லி, ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டு எடுத்தால் முதல் தடவையிலேயே படம் வந்துவிடும். கை நடுக்கம், தலை நடுக்கம் உள்ள பெரியவர்களுக்குத் தலையைச் சாய்த்து நிறுத்த ஹெட்ரெஸ்ட் கட்டாயம் வேண்டும்.

வெற்றிலைப் பாக்கு, பான் மசாலா பழக்கம் உள்ளவர்களிடம் வேறொரு சிக்கல் இருக்கிறது. பாக்கு மென்றே வாயின் உள்தோல் இறுகி, வாய் இரண்டு விரல்கூட திறக்காமல் போகும் நோய் உண்டு. அவர்கள் வாய்க்குள் சென்சாரைச் செருகவே முடியாது. கட்டாயப்படுத்தினால் அசைவார்கள். வெளியில் இருந்தே எடுக்கும் ஓ.பி.ஜி. படம்தான் அவர்களுக்குத் தோது.

காரணம் 2: தூரக் கணக்கு

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இரவில் செல்போன் டார்ச்சைப் போட்டுச் சுவரில் கையின் நிழலை விழவையுங்கள். நிழல் கூர்மையாக விழும். டார்ச்சை அணைத்துவிட்டு டியூப் லைட் வெளிச்சத்தில் அதே நிழலைப் பாருங்கள், ஓரம் பிசிறடிக்கும். வெளிச்சம் புறப்படும் இடம் சிறிதாக இருந்தால் நிழல் கூர்மை. பெரிதாக இருந்தால் பிசிறு. இப்போது கையைச் சுவருக்கு அருகில் கொண்டுபோங்கள், பிசிறு குறையும்.

பல் எக்ஸ்ரேயிலும் இதே கணக்குதான். கதிர் புறப்படும் புள்ளி பல் எக்ஸ்ரே கருவிகளில் பொதுவாக 0.4 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும். அந்தப் புள்ளியின் அளவை, பல்லுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, புள்ளிக்கும் பல்லுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் பிசிறின் அளவு கிடைக்கும்.

உதாரணமாகப் புள்ளி 0.7 மி.மீ., பல்லில் இருந்து ஃபிலிம் 20 மி.மீ. தள்ளி இருக்கிறது, குழாய் 200 மி.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிசிறு 0.07 மி.மீ. அதே குழாயை 400 மி.மீ. தூரத்துக்குத் தள்ளினால் பிசிறு பாதியாகி 0.035 மி.மீ. ஆகிவிடும். 0.2 மி.மீ. கோட்டைப் பார்க்க வேண்டிய இடத்தில் இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

அப்படியானால் குழாயை இன்னும் தள்ளிக்கொண்டே போகலாமா? முடியாது. தூரம் இரண்டு மடங்கானால் ஃபிலிமுக்கு வந்து சேரும் கதிர் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதை ஈடுகட்ட நேரத்தைக் கூட்டினால் அசைவு உள்ளே வந்துவிடும். ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைப் பிடிப்பதுதான் எடுப்பவரின் திறமை.

கோணம் தவறினால் பிசிறு வராது. ஆனால் பல் நீண்டோ குட்டையாகவோ விழும். காலையில் நம் நிழல் நீள்வதும் உச்சி வெயிலில் குறுகுவதும் போலத்தான். ரூட் கேனல் செய்யும்போது இந்தத் தவறு பிசிறைவிட ஆபத்து, ஏனென்றால் படம் பார்க்க அழகாக இருக்கும், அளவு மட்டும் பொய்யாக இருக்கும்.

காரணம் 3: ஓ.பி.ஜி.யில் நிற்கும் விதம்

தலையைச் சுற்றிக் கருவி ஒரு வட்டம் அடிக்குமே, அதுதான் ஓ.பி.ஜி. இரண்டு தாடைகளும் எல்லாப் பற்களும் ஒரே படத்தில் தெரியும். ஞானப்பல், தாடை எலும்பு முறிவு, கிளிப் போடுவதற்கு முந்தைய பரிசோதனை எல்லாவற்றுக்கும் இதைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். பின்லாந்தைச் சேர்ந்த யூர்யோ பாட்டெரோ என்பவர் 20-ம் நூற்றாண்டின் நடுவில் வளர்த்தெடுத்த முறை இது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கருவி சுற்றும்போது குதிரை லாடம் போன்ற வளைந்த ஒரு பட்டைக்குள் இருப்பது மட்டும்தான் தெளிவாக விழும். பட்டைக்கு வெளியே இருப்பது எல்லாம் வேண்டுமென்றே மங்கலாக்கப்படும். இல்லையென்றால் கழுத்தெலும்பும் எதிர்ப்பக்கத் தாடையும் பற்களின் மேல் வந்து விழுந்துவிடும். அதாவது மங்கல் இந்தக் கருவியின் கோளாறு இல்லை, அது வேலை செய்யும் முறையே அதுதான். நம் பற்கள் அந்தப் பட்டைக்குள் நிற்கின்றனவா என்பதுதான் கேள்வி. முன்பற்கள் இருக்கும் இடத்தில் அந்தப் பட்டை சில மில்லிமீட்டர்தான் இருக்கும்.

கடிக்கக் கொடுக்கும் குச்சியில் ஒரு பள்ளம் இருக்கும். மேல், கீழ் முன்பற்கள் இரண்டும் அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். முன்னால் தள்ளி நின்றால் முன்பற்கள் ஒல்லியாகவும் மங்கலாகவும் விழும். பின்னால் நின்றால் அகலமாகவும் மங்கலாகவும் விழும். தலை ஒரு பக்கம் திரும்பினால் ஒரு பக்கக் கடைவாய்ப் பற்கள் பெருத்தும் மறுபக்கம் சிறுத்தும் தெரியும். மோவாய் அதிகமாகத் தாழ்ந்தால் பல்வரிசை பெரிய சிரிப்பு போல வளையும், கீழ் முன்பற்களின் வேர்கள் கலங்கும். மோவாய் உயர்ந்தால் வரிசை தட்டையாகும், அண்ணத்தின் நிழல் மேல் வேர்களை மூடும்.

நாக்கும் முக்கியம். “நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டுங்க” என்று சொல்வது சும்மா இல்லை. ஒட்டாவிட்டால் நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே உள்ள காற்று ஒரு கறுப்புப் பட்டையாக மேல் வேர்களின் மீது விழும். எச்சிலை ஒருமுறை விழுங்கினால் நாக்கு தானாக மேலே போய் ஒட்டும். அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கூன் போட்டு நின்றால் கழுத்தெலும்பு கதிரை மறித்துப் படத்தின் நடுவே வெள்ளை மூட்டம் விழும். அதனால்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்து கழுத்தை நிமிர்த்தச் சொல்கிறார்கள்.

ஒரு ஓ.பி.ஜி. முடிய பொதுவாக 10 முதல் 20 நொடி ஆகும். அவ்வளவு நேரமும் அசையக் கூடாது. நடுவில் தலை ஆடினால், அந்த நொடியில் பதிவான இடத்தில் தாடையின் கீழ் ஓரம் அலை போல நெளியும். கருவி தோளில் இடிக்கப் போகிறது என்ற பயத்தில்தான் பலர் விலகுகிறார்கள். எடுப்பதற்கு முன் கருவியை ஒருமுறை சும்மா சுற்றிக் காட்டச் சொல்லலாம். பயம் போய்விடும்.

தோடு, மூக்குத்தி, தாலிச் சங்கிலி

நம் ஊரில் அதிகம் தயங்குவது இங்கேதான். ஓ.பி.ஜி. எடுக்கும்போது காதில் தோடு இருந்தால் அது காதருகே மட்டும் தெரியாது. எதிர்ப்பக்கத்தில், கொஞ்சம் மேலே, பெரிதாகவும் மங்கலாகவும் இன்னொரு தோடு விழும். இதைப் ‘பேய் பிம்பம்’ என்பார்கள். ஜிமிக்கி பெரிதாக இருந்தால் அந்தப் பேய் பிம்பம் கடைவாய்ப் பல்லின் வேரையே மறைத்துவிடும். மூக்குத்தி மேல் முன்பற்களின் பகுதியில் வெள்ளைப் புள்ளியாக வந்து விழலாம். ஹேர்பின், கண்ணாடி, காது கேட்கும் கருவி, கழற்றி மாட்டும் பல்செட் எல்லாமே இப்படித்தான்.

தாலி விஷயத்தில் பெண்கள் தயங்குவது இயல்பு. மஞ்சள் கயிறு துணி நூல் என்பதால் படத்தில் விழாது. அதில் கோத்த பொன்னும், கழுத்தை ஒட்டிய தங்கச் சங்கிலியும் விழும். ஓ.பி.ஜி.யில் கதிர் பின்கழுத்துப் பக்கமிருந்து சற்று மேல்நோக்கி வருவதால், சங்கிலி தாடையின் மேல் நிழலாக ஏறிவிடும். கழற்ற மனமில்லை என்றால் அதைக் கருவியில் ஏறிய பிறகு சொல்லாமல், முன்பே டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். வேறு வகைப் படம் போதுமா என்று டாக்டரிடம் கேட்க அப்போது நேரம் இருக்கும். கழற்றச் சொல்பவரும் காரணத்தைச் சொல்லி, தனி இடம் தந்து, பத்திரமாக வைக்க ஒரு டப்பாவும் கொடுத்தால் பாதி வாக்குவாதம் நடக்காது.

காரணம் 4: ஃபிலிம், தகடு, சென்சார்

சின்ன கிளினிக்குகளில் இன்னும் ஃபிலிம் புழங்குகிறது. ஃபிலிமைக் கழுவும் ரசாயனத்துக்குச் சுமார் 20 டிகிரி செல்சியஸ் வெப்பம் உகந்தது. சித்திரை வெயிலில் புதுக்கோட்டையில் ஏசி இல்லாத அறையில் அந்த வெப்பநிலைக்கு எங்கே போவது? ரசாயனம் சூடானால் வேலை வேகமாக நடக்கும், படம் கறுத்து மூட்டம் போடும். கடிகாரம் பார்த்து, வெப்பமானி பார்த்து, அதற்கேற்ப நேரத்தைக் குறைக்க வேண்டும். தீர்ந்துபோன ரசாயனத்தை மாற்றாவிட்டால் படம் வெளிறும். காலாவதி தேதி கடந்த ஃபிலிமும், வெயில் படும் அலமாரியில் வைத்த ஃபிலிமும் மூட்டத்தைத்தான் தரும். ஒரே ஃபிலிமில் மறதியாக இரண்டு முறை எடுத்தால் இரண்டு படங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும். திருப்பி வைத்து எடுத்தால் பின்னால் உள்ள ஈயத் தகட்டின் வரிவடிவம் படத்தில் பதிந்து, படமும் வெளிறிப்போகும்.

ஃபிலிம் போலவே மெல்லிசாக, ஆனால் ஸ்கேனரில் போட்டுப் படிக்கும் பாஸ்பர் தகடு இன்னொரு வகை. எடுத்த பின் வெளிச்சத்தில் வைத்துவிட்டால் பதிவானது அழியத் தொடங்கும். உடனே ஸ்கேன் செய்ய வேண்டும். தகட்டில் கீறலும் பல் கடித்த தடமும் விழுந்தால் அவையும் ஒவ்வொரு படத்திலும் வரும்.

கம்பியோடு வரும் டிஜிட்டல் சென்சார்தான் ஆர்.வி.ஜி. படம் உடனே கம்ப்யூட்டரில் தெரியும். இதில் புது ஆபத்து, சாப்ட்வேரில் ‘ஷார்ப்’ செய்வது. ஆடிய படத்தைச் சாப்ட்வேர் மீட்டுத் தராது. இல்லாத ஓரத்தைக் கூர்மையாக்கும். அளவுக்கு மீறிக் கூர்மையாக்கினால் அடைத்த பல்லைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு தோன்றி, அடைப்புக்குக் கீழே சொத்தை இருப்பது போல ஏமாற்றும்.

சி.பி.சி.டி. எனப்படும் முப்பரிமாண ஸ்கேனில் அசைவின் தண்டனை இன்னும் அதிகம். நூற்றுக்கணக்கான படங்களைச் சேர்த்து ஒரே உருவமாகக் கட்டுவதால், நடுவில் அசைந்தால் எலும்பின் ஓரம் இரட்டையாகும். உலோகக் கேப் போட்ட பல் இருந்தால் அதிலிருந்து கோடு கோடாகக் கதிர்வீச்சுக் கீற்றுகள் தெறிக்கும். அது அசைவால் வருவது இல்லை. மறுபடி எடுத்தாலும் போகாது.

வாட்ஸ்அப்பில் மங்கும் படம்

படம் நன்றாகவே வந்திருக்கும். அதை விளக்குப் பெட்டியில் வைத்து செல்போனில் போட்டோ எடுத்து, திருச்சியிலோ மதுரையிலோ உள்ள டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். போன் ஆடியிருக்கும், விளக்கு பிரதிபலித்திருக்கும், வாட்ஸ்அப் வேறு படத்தைச் சுருக்கியிருக்கும். அங்கே பார்ப்பவருக்கு மங்கல்தான் தெரியும், ‘மறுபடி எடுத்து அனுப்புங்க’ என்பார். டிஜிட்டல் படம் என்றால் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, போட்டோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். ஃபிலிம் என்றால் கவரில் பத்திரமாக வைத்து நேரில் கொண்டுபோவதே நல்லது.

மறுபடி எடுத்தால் ஆபத்தா?

பயப்பட வேண்டிய அளவு இல்லை. ஆனால் அலட்சியமாக இருக்கலாம் என்றும் இல்லை. மண், காற்று, வானம், சாப்பாடு என இயற்கையில் இருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு பல்லை எடுக்கும் சின்ன எக்ஸ்ரே, ஏறத்தாழ ஒரு நாளில் இயற்கையாக நமக்கு வருவதற்குச் சமம். ஓ.பி.ஜி. என்றால் சில நாட்களுக்குச் சமம். சி.பி.சி.டி. இவற்றைவிட அதிகம், கருவிக்கும் எடுக்கும் பரப்புக்கும் ஏற்ப மாறும்.

எனவே ஒரு படம் ஆடிப்போய், நோய் தெரியாத நிலையில் மறுபடி எடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். தெரியாத படத்தை வைத்துச் செய்யும் வைத்தியம்தான் பெரிய ஆபத்து. ஆனால் ‘ஏன் ஆடியது, இந்த முறை என்ன மாற்றுகிறீர்கள்?’ என்று கேட்பது உங்கள் உரிமை. காரணத்தைச் சரிசெய்யாமல் மூன்றாவது, நான்காவது முறை எடுப்பதைத்தான் தடுக்க வேண்டும். தேவையான படத்துக்கு, முடிந்தவரை குறைந்த கதிர் என்பதுதான் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட கொள்கை. கர்ப்பமாக இருந்தால், அல்லது அப்படிச் சந்தேகம் இருந்தால், முன்பே சொல்லிவிடுங்கள்.

ஈய அங்கி பற்றியும் ஒரு வார்த்தை. கழுத்தில் கட்டும் தைராய்டு பட்டை ஓ.பி.ஜி.யில் கதிரின் பாதையை மறித்துப் படத்தைக் கெடுக்கலாம். 2024 பிப்ரவரியில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நிபுணர் குழு, பல் எக்ஸ்ரேக்கு ஈய அங்கியும் தைராய்டு பட்டையும் இனி தேவையில்லை என்று பரிந்துரைத்தது. மறைப்பு தவறான இடத்தில் வந்தால் மறுபடி எடுக்க நேரும் என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. இங்கே அங்கி கொடுத்தால் அணிந்துகொள்ளுங்கள். ஓ.பி.ஜி.க்குக் கழுத்துப் பட்டையைத் தவிர்த்தால் பதற வேண்டாம்.

யார் கண்காணிக்கிறார்கள்?

இந்தியாவில் எக்ஸ்ரே கருவிகளை ஒழுங்குபடுத்துவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983-ல் அமைக்கப்பட்டது. பல் கிளினிக்கில் உள்ள சின்னக் கருவியும் அதன் வரம்புக்குள் வரும். ‘இ-லோரா’ என்ற இணையதளம் வழியாக அனுமதி பெற வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது கருவியின் தரப் பரிசோதனையும் செய்ய வேண்டும். கதிரின் அளவு, நேரம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். ஒரே கிளினிக்கில் அடிக்கடி படம் கெடுகிறது என்றால், சோதிக்க வேண்டியது நோயாளியின் பொறுமையை அல்ல, கருவியைத்தான்.

கிளினிக்குகளுக்கு இன்னொரு எளிய வழி உண்டு. ஒரு நோட்டு. எந்தத் தேதியில் எந்தப் படம் கெட்டது, என்ன காரணம் என்று மறுபடி எடுக்கும் ஒவ்வொரு முறையும் எழுதி வைக்க வேண்டும். ஒரே மாதத்தில் உண்மை தெரிந்துவிடும். எல்லாமே ‘அசைவு’ என்றால் ஹோல்டரும் ஹெட்ரெஸ்டும் பார்க்க வேண்டும். எல்லாமே ‘வெளிறல்’ என்றால் மின்னழுத்தமும் ரசாயனமும் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரே அறைக்குள் போவதற்கு முன்

- காது, மூக்கு, கழுத்து நகைகள், ஹேர்பின், கண்ணாடி, பல்செட் ஆகியவற்றைக் கழற்றுங்கள். முடியாததை முன்பே சொல்லுங்கள்.
- குமட்டல், நடுக்கம், கழுத்து வலி, வாய் திறப்பதில் சிரமம் இருந்தால் சொல்லுங்கள்.
- எச்சிலை விழுங்கிவிட்டுத் தயாராகுங்கள். ஓ.பி.ஜி. என்றால் நாக்கு மேலே, உதடு மூடி, கழுத்து நிமிர்ந்து.
- சத்தம் நிற்கும் வரை அசையாதீர்கள். மூக்கால் மெதுவாக மூச்சு விடலாம்.
- குழந்தையைப் பயமுறுத்தாதீர்கள். ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள்.
- பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். சில நேரம் புதிய படமே தேவைப்படாமல் போகலாம்.
- மறுபடி எடுக்கச் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். படம் கெட்டது கருவியாலோ எடுத்தவராலோ என்றால் இரண்டாவது படத்துக்குத் தனிக் கட்டணம் ஏன் என்றும் கேட்கலாம்.

கோட்டைப்பட்டினத்தில் இருந்து பஸ் ஏறி வந்தவருக்கு ஒரே நாளில் ஒரே படத்தில் நோய் தெரிந்தால், அன்றைக்கே வைத்தியம் தொடங்கும். அதற்கு எடுப்பவர் ஒரு நிமிடம் பொறுமையாக இருக்க வேண்டும், நாம் சில நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும்.